பத்து ரூபாய்ச் சீட்டும் நாற்பத்தாறு விழுக்காட்டுக் கதையும்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பொருளியல் பேராசிரியர் ஒருவர், கேரளமும் தமிழகத்தின் தென்கோடியும் 'சரக்குத் தராமல் பயணி மானியத்தை மட்டும் உண்ணும் பகுதிகள்' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுச் சென்றார். அவையில் எவரும் மறுக்கவில்லை. கேள்வி நேரத்தில் நானும் எழவில்லை. கையில் கணக்கு ஆயத்தமாக இல்லை என்பதே காரணம். இந்தப் பதிவு அந்தத் தவறுக்குப் பிராயச்சித்தம். நீளமானது, பொறுத்தருள்க.

ரயில் பயணச்சீட்டில் 2016 முதல் ஒரு வாசகம் அச்சிடப்பட்டு வந்தது: பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே ரயில்வே வசூலிக்கிறதாம். 2024 டிசம்பரில் மக்களவையில் ரயில்வே அமைச்சர் அதே கதையைப் புதுப்பித்தார்: நூறு ரூபாய்ச் சேவைக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், ஆண்டுக்கு 56,993 கோடி ரூபாய் மானியம், ஒவ்வொரு பயணிக்கும் 46 விழுக்காடு. 'ஒவ்வொரு பயணிக்கும்' என்ற அந்தச் சொற்றொடரில்தான் எனக்கு வழக்கு. சராசரி என்பது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அன்று. புள்ளியியல் முதலாண்டு மாணவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். நாடாளுமன்றத்தில் சொன்னால் அது தலைப்புச் செய்தியாகிவிடுகிறது, அடுத்த ஆண்டு நம் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்குறிப்பாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே சராசரியை விட்டுவிட்டு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் தென்கோடி ரயில் நிலையம் பாறசாலை. அடுத்த நிறுத்தம் குழித்துறை மேற்கு, அது தமிழ்நாடு. வடக்கே தனுவச்சபுரம், அமரவிளை என்னும் இரண்டு சிறு நிறுத்தங்களைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை, பின்னர் பாலராமபுரம், அப்பால் திருவனந்தபுரம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நெய்யாற்றின்கரைக்கு ஏறத்தாழப் பத்து. காலை வண்டிகளில் ஏறுவோர் யார் என்பது இப்பகுதியை அறிந்தவர்க்குத் தெரியும். விளவங்கோட்டுக் கொத்தனார்கள், நெசவுக் கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் போகும் பெண்கள், மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் கோப்புகளைச் சுமந்து செல்லும் நோயாளிகள், தனுவச்சபுரம் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இறங்கும் மாணவர்கள். பேச்சு மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடியும், அல்லது மறுதலையாக.

2025 மார்ச்சில் மாநிலங்களவையில் அமைச்சரே மற்றோர் எண்ணையும் தந்தார். ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ரயில்வேக்கு ஆகும் செலவு 1 ரூபாய் 38 காசு. வசூலிப்பது 73 காசு. நல்லது. அந்த அளவுகோலையே இந்தப் பாதையில் வைத்துப் பார்ப்போம்.

சாதாரண பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். அதே பத்து ரூபாயில் பாறசாலைக்காரர் முப்பது கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரம் சேர்கிறார். கிலோமீட்டருக்கு 33 காசு. அமைச்சரின் கணக்குப்படி செலவில் முக்கால் பங்குக்கு மேல் மானியம். சரி, பேராசிரியர் சொன்னது மெய்தானே என்று தோன்றும். அதே மனிதர் அதே நாளில் பாசஞ்சரைத் தவறவிட்டு, அதே தண்டவாளத்தில் ஓடும் விரைவு வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மானியம் 28 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிட்டது. அவர் திருவனந்தபுரம் வரை போகாமல் நெய்யாற்றின்கரையில், தாலுகா அலுவலகத்துக்காக இறங்கிவிட்டார் எனில், பத்துக் கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். ரயில்வே சொல்லும் செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இவர் மானியம் பெறுபவர் அல்லர், மானியம் கொடுப்பவர்.

அவர் நின்ற அதே நடைமேடையைக் கடந்துதான் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் விரைவு வண்டியும் போகிறது. சுமார் 4,200 கிலோமீட்டர்; நாட்டின் மிக நீண்ட தடம். தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டர் விகிதம் இறங்கும் கட்டண அமைப்பால், அதன் தூங்கும் வசதிப் பெட்டியில் போகிறவர் கிலோமீட்டருக்கு அரை ரூபாய்கூடத் தருவதில்லை. அசாமுக்குத் திரும்பும் அந்தத் தொழிலாளிக்கு அது கிடைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குறுந்தொலைவுப் பயணத்தில் நின்று கிளம்பும் செலவு அதிகம், ஆகவே 1.38 என்ற சராசரியை அப்படியே பொருத்தக் கூடாது என்று ரயில் பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள், அதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சராசரியை நாடெங்கும் பொருத்தியவர் நானல்லேன். ஒரே நிலையத்தில், ஒரே நாளில், ஒருவர் முக்கால் பங்கு மானியத்தையும் மற்றொருவர் எதிர்மறை மானியத்தையும் சுமந்து நிற்கும்போது, '46 விழுக்காடு' என்ற எண் இவ்விருவரில் யாரைப் பற்றியது?

இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது எது? வேகமா, வசதியா? பெரும்பாலும் இல்லை. வண்டியின் ஐந்திலக்க எண்ணின் முதல் இலக்கம். ஐந்தில் தொடங்கினால் பாசஞ்சர். ஒன்றில் தொடங்கினால் விரைவு வண்டி. மதுரைக்கும் புனலூருக்கும் இடையே நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக ஓடும் வண்டி 56 என்று தொடங்கும் எண்ணோடு பாசஞ்சராக ஓடிற்று. 2020இல் ரயில்வே வாரியம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாசஞ்சர்களை விரைவு வண்டிகளாக மாற்றுமாறு மண்டலங்களைக் கேட்டது. இன்று அது 16729. எந்தச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இதற்காகக் கூடி விவாதிக்கவில்லை. கட்டண உயர்வு என்ற சொல்லே எழவில்லை. ஓர் எண்ணின் தலையெழுத்து மாறியது. இவ்வூர்களின் வழியே அந்த வண்டியில் போகிறவருக்கான குறைந்தபட்சக் கட்டணம் மும்மடங்காயிற்று. மானியக் குறைப்பைப் பற்றி எழுதும் நம் துறையினர் பட்ஜெட் உரையைப் படிக்கிறார்கள். கால அட்டவணையை எவரும் படிப்பதில்லை.

கொரோனாக் காலத்தை நினைவுகூர்க. 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர்கள் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு 'சிறப்பு வண்டிகள்' ஆயின. குறைந்தபட்சக் கட்டணம் பத்திலிருந்து முப்பது. பருவச்சீட்டு பல மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. தொற்று அடங்கியது, முகக்கவசம் போயிற்று, மாநாடுகள் நடந்தன, தேர்தல்கள் நடந்தன. முப்பது ரூபாய் மட்டும் போகவில்லை. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய பத்து ரூபாய் திரும்பிற்று. அதே ஆண்டுகளில் சென்னைப் புறநகர் மின்வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாகவே இருந்தது. கடற்கரையிலிருந்து எழும்பூருக்கு ஐந்து. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரத்துக்கு முப்பது. இரண்டும் தெற்கு ரயில்வே. 'பிரதேச வாரியான மானியப் பங்கீடு' பற்றி யாராவது ஆய்வேடு எழுத விரும்பினால் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.

இங்கே மண்டலக் கணக்கின் மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பயணிச் சேவையின் இலாப நட்டத்தை ரயில்வே மண்டல வாரியாகக் கணக்கிடுகிறது. ஆனால் தெற்கு ரயில்வே என்பது சென்னைப் புறநகரையும், சேலத்தையும், பாலக்காட்டுக் கணவாயையும், குழித்துறையையும் ஒரே பானையில் போட்டு வடித்த கஞ்சி. அந்தப் பானையின் நட்டத்தை எடுத்து 'தெற்கு மானியம் உண்கிறது' என்று பேசினால், எந்தத் தெற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நெரிசலைக் கணக்கில் எடுத்தால் நிலைமை மேலும் விபரீதமாகிறது. ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெட்டியை ஓட்டப் பத்தாயிரம் ரூபாய் ஆகிறது என்க. ஒரு பெட்டியில் நூறு பேர். அதே அளவுள்ள மற்றொன்றில் இருநூறு பேர். சீட்டு எல்லார்க்கும் நாற்பது ரூபாய். முதற்பெட்டியில் ஆளுக்குச் செலவு நூறு, மானியம் அறுபது. இரண்டாவதில் ஆளுக்குச் செலவு ஐம்பது, மானியம் பத்து. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் இருபதாயிரம் ரூபாய்ச் செலவு, பன்னிரண்டாயிரம் வரவு, 'சராசரி மானியம் நாற்பது விழுக்காடு'. அறிக்கையில் ஏறுவது அந்த நாற்பது. வாசற்படியில் ஒற்றைக் காலில் நிற்பவருக்கு உண்மையில் கிடைத்தது இருபது விழுக்காடு. ஆனால் அவர் தலையிலும் நாற்பது எழுதப்படும். அவர் நின்ற முக்கால் மணி நேரத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. கேரளத்தின் காலை வண்டிகளில், குறிப்பாக முன்பதிவில்லாப் பெட்டிகளில், இருக்கையை மிஞ்சிய கூட்டம் போவதை எவரும் மறுக்க முடியாது. கூட்டம் மிகுந்த பகுதிக்குத் தலைக்கு மானியம் குறைவு, காலியாக ஓடும் வண்டிக்குத் தலைக்கு மானியம் அதிகம் என்பது கூட்டல் வகுத்தலின் விளைவு. இதைத் தலைகீழாகப் படித்து, கூட்டம் மிகுந்த பகுதியையே 'மானியம் உண்பது' என்று சொல்வது எந்த அறிவியல்?

மானியம் யாருக்கு நிற்கும், யாரிடமிருந்து எழுத்தின் மாற்றத்தால் பறிபோகும் என்பதற்கு 2014 ஜூன் நல்ல பாடம். புதிய அரசு பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் பயணிக் கட்டணத்தை 14.2 விழுக்காடு உயர்த்திற்று. பருவச்சீட்டின் விலையைப் பதினைந்து ஒற்றைப் பயணங்களின் அளவிலிருந்து முப்பது பயணங்களின் அளவுக்கு ஏற்றுவதும் அந்த அறிவிப்பில் இருந்தது. மும்பை கொதித்தது. மகாராஷ்டிரத்தின் ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் அன்றைய ரயில்வே அமைச்சர் சதானந்த கௌடாவைச் சந்தித்தனர். அவ்வாண்டிலேயே அங்குச் சட்டமன்றத் தேர்தல். சில நாள்களுக்குள் 80 கிலோமீட்டர் வரையிலான புறநகர் இரண்டாம் வகுப்பு உயர்வு விலக்கப்பட்டது. பருவச்சீட்டும் பழைய பதினைந்துக்குத் திரும்பிற்று. பருவச்சீட்டில் பாறசாலையும் பயன்பெற்றது, மறைக்கவில்லை. மும்பையின் குடை விரிந்தபோது ஓரத்தில் நாமும் நின்றோம். ஆனால் 'புறநகர்' என்ற வகைக்குள் கேரளத்தில் ஓர் அடித் தண்டவாளமும் இல்லை. திருவனந்தபுரத்தை நம்பி வாழும் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் ஆகியவை எவ்வகையில் பார்த்தாலும் அந்நகரத்தின் புறநகர்களே. ரயில்வேயின் கட்டணப் புத்தகத்தில் மட்டும் அவை புறநகர் அல்ல. மும்பைத் தொழிலாளியின் ஐந்து ரூபாயைப் பறிக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வகைப்பாடு எதன் அடிப்படையில் சிலருக்குத் தரப்பட்டது, எதன் அடிப்படையில் பிறருக்கு மறுக்கப்படுகிறது என்றே கேட்கிறேன்.

பருவச்சீட்டு இருக்கிறதே, அது போதாதா என்பர். நிலையான வேலையும் நிலையான அலுவலகமும் உடையவருக்குப் போதும். இந்த வாரம் கழக்கூட்டத்திலும் அடுத்த வாரம் பாலராமபுரத்திலும் வேலை பார்க்கும் கொத்தனாருக்கு, மாதத்தில் ஆறு நாள் மருத்துவமனைக்குப் போகும் தாய்க்கு, அது உதவாது. அவர்கள் அன்றன்று சீட்டு வாங்குகிறவர்கள். முதல் இலக்கம் மாறும்போது அடிபடுகிறவர்களும் அவர்களே.

இனி 'சரக்குத் தராத பகுதி' என்ற குற்றச்சாட்டு. பயணிச் சேவையின் நட்டத்தின் பெரும்பகுதியை நிரப்புவது அரசுக் கருவூலம் அன்று, சரக்குக் கட்டணம். திருவனந்தபுரம் கோட்டத்தின் வருவாயில் பயணிகளின் பங்கே பெரிது, சரக்கு சிறிது என்பது உண்மை. நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றுவது ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். ஆகவே அவர்கள் தருகிறார்கள், நாம் பெறுகிறோம் என்று முடிக்கிறார்கள். சரக்கு ஏற்றுமிடத்தில் கட்டணச் சுமை தங்கிவிடுவதில்லை என்பதை இவர்கள் எப்படி மறந்தார்கள்? நிலக்கரியின் ரயில் கட்டணம் அனல் மின்சாரத்தின் விலையில் ஏறுகிறது. மின்சாரம் வெளியிலிருந்து வாங்கும் கேரளத்தின் மின்கட்டண ரசீதில் இறங்குகிறது. நெய்யாற்றின்கரையில் வீடு கட்டுகிறவர் வாங்கும் சிமெண்டிலும் கம்பியிலும், நியாயவிலைக் கடைக்கு வந்து சேரும் வட இந்தியத் தானியத்திலும் அந்தக் கட்டணம் இருக்கிறது. உற்பத்தி செய்யாமல் வாங்கி நுகரும் பகுதி சரக்குக் கட்டணத்தைச் செலுத்தும் பகுதியே.

சுரங்க மாநிலங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி வேறு, அது மெய்யானது. 1952இல் தொடங்கித் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமப்படுத்தல் கொள்கை, நிலக்கரிக்கும் எஃகுக்கும் நாடெங்கும் ஒரே விலை என்று சொல்லி, பழைய பீகாரின் இயற்கை அனுகூலத்தைப் பறித்துக் கடலோர மாநிலங்களின் ஆலைகளுக்குக் கொடுத்தது. தமிழகமும் அதில் பயன்பெற்றது. அந்தக் கடனுக்கு வட்டியை ரயிலேறும் களியக்காவிளைப் பீடித் தொழிலாளியிடம் கேட்பது நியாயமாகாது.

நம் பக்கத்து வாதங்களுக்கும் வருவோம். தமிழ் ஆய்வுலகில் நான் அதிகம் சண்டையிட வேண்டியது இங்கேதான். கன்னியாகுமரி மாவட்டம் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் கேரளம் நம் பங்கை விழுங்குகிறது, மதுரைக் கோட்டத்துக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாகர்கோவிலை வண்டிகள் நிறுத்திவைக்கும் கொட்டகையாகப் பயன்படுத்திக்கொண்டு மாவட்டத்தின் தேவைக்கு வண்டி தரத் தயங்கிய காலம் உண்டு. ஆனால் வரலாற்றைப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் தம்பானூருக்கு ரயில் வந்தது 1931இல். அங்கிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது 1979 ஏப்ரலில். நாற்பத்தெட்டு ஆண்டுகள் இப்பகுதிக்கு ஒரு காசு மானியமும் கிடையாது, ரயிலே இல்லையே. அந்தக் காலத்தின் முற்பாதியில் எல்லை என்பதும் கிடையாது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூரின் அண்டைத் தாலுகாக்கள். நேசமணியின் இயக்கம் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இப்பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. அதைக் குறித்த மனக்குறை எனக்குப் புரியும். ஆனால் அந்தக் குறையை ரயில் கோட்ட எல்லையில் தீர்த்துக்கொள்ள முயன்றால் என்ன நேரும்? பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே, மக்கள் காலையும் மாலையும் குறுக்கும் நெடுக்கும் போகும் இடத்தில், இரண்டு நிர்வாகங்களின் வேலி விழும். காலை வண்டி மதுரைக் கோட்டத்தின் கடைசி நிலையத்தோடு 'இலக்கை அடைந்து' நின்றுவிடலாம். கொத்தனார் தாலுகா பார்த்துக் கட்டுவதில்லை.

கேரளத்து நண்பர்களின் புலம்பலும் இதே வகையே. 'கேரளம் புறக்கணிக்கப்படுகிறது' என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் எர்ணாகுளத்துக்கு வேகமாகப் போகும் குளிர்சாதன வண்டி, தனுவச்சபுரம் அன்று. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதை 2015–16இல் ஒப்புதல் பெற்றது; ஏறத்தாழ 87 கிலோமீட்டர். கேரளப் பகுதியில் நிலம் எடுப்பது எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதை அறிந்தவர்கள், தில்லியை மட்டும் நோக்கி விரலை நீட்ட மாட்டார்கள். ஒற்றைப் பாதையில் விரைவு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது எப்போதும் பாசஞ்சர்தான். பாதை இரட்டிக்காததன் விலையை யார் தருகிறார் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தங்களின் கதை இன்னும் சிறியது, இன்னும் கூர்மையானது. ஒரு வண்டி ஒரு நிலையத்தில் நிற்க வேண்டுமா என்பதைச் சீட்டு விற்பனை கொண்டு அளக்கிறார்கள். 'பரீட்சார்த்த நிறுத்தம்' என்று ஆறு மாதம் கொடுத்து, வரவு போதாவிட்டால் எடுத்துவிடலாம். வண்டி உகந்த நேரத்தில் நில்லாவிட்டால் மக்கள் பேருந்துக்குப் போவர். மக்கள் பேருந்துக்குப் போனால் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் நிறுத்தம் போகும். மாலையில் திருவனந்தபுரத்தில் வாங்கும் திரும்பும் சீட்டு திருவனந்தபுரத்தின் வரவு. அமரவிளையில் இறங்குகிறவர் அமரவிளையின் கணக்கில் வருவதில்லை. இந்த அளவுகோலில் சிறு ஊர் தோற்பது முன்பே முடிவான ஆட்டம்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். ஜெர்மனி 1996 முதல் வட்டாரப் பயணி ரயிலுக்கான பொறுப்பையும் பணத்தையும் மாநிலங்களிடம் கொடுத்தது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது வெளிப்படையான வாய்பாடு. மக்கள்தொகையும் ஓடும் வண்டிக் கிலோமீட்டரும் அதில் எவ்வளவு எடை பெற வேண்டும் என்பதற்காகக் கிழக்கு மாநிலங்களும் மேற்கு மாநிலங்களும் வெளிப்படையாகச் சண்டையிட்டன. ஜப்பான் 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது, நட்டம் நிச்சயம் என்று தெரிந்த ஹொக்கைடோ, ஷிகொக்கு, கியூஷு தீவுகளின் நிறுவனங்களுக்குத் தனி நிதியை ஒதுக்கி, அதன் வட்டியால் நட்டத்தை ஈடு செய்யச் சொன்னது. வட்டி விகிதம் வீழ்ந்தபோது ஹொக்கைடோ திணறியது. அதையும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று குடிமகன் கேட்டால் விடையாக ஓர் எண் உண்டு. இங்கும் அந்த மரபு அடியோடு இல்லாமலில்லை. பாதுகாப்பு நோக்கில் போடப்பட்ட தடங்களின் இயக்க நட்டத்தை மத்திய அரசு தடத்தின் பெயரால் தனியே கணக்கிட்டு ரயில்வேக்கு ஈடு செய்கிறது. ஒரு வகைத் தடத்துக்கு முடிகிற கணக்கு நாகர்கோவில்–திருவனந்தபுரத்துக்கு ஏன் முடியாது?

நான் கேட்பது சிறியது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் பகுதியைக் கொல்லம் வரை புறநகர்க் கட்டணத் தடமாக இரு மாநிலங்களும் சேர்ந்து கோர வேண்டும். தனித்தனியே கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டித் தட்டிக் கழிப்பார்கள். இரண்டாவதாக, எண் மாற்றத்தால் நேரும் கட்டண உயர்வைக் கட்டண உயர்வு என்றே அறிவிக்க வேண்டும்.

இந்தத் தடத்தில் 2019 கால அட்டவணையையும் இன்றைய அட்டவணையையும் நிலையம் நிலையமாக ஒப்பிடும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். எந்த வண்டி எந்த இலக்கத்திலிருந்து எதற்கு மாறியது, எந்த நிறுத்தம் போயிற்று, எது திரும்பியது என்பது மட்டுமே முதற்கட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் எழுதி வைத்திருக்கிறேன்: இத்தடத்தின் சாதாரண, விரைவு வகுப்புச் சீட்டு விற்பனை நிலைய வாரியாக, சிறு நிறுத்தங்களின் வரவு எந்த முறையில் கணக்கிடப்படுகிறது, முன்பதிவில்லாப் பெட்டிகளின் எண்ணிக்கை ஆண்டு வாரியாக. பழைய மலையாள, தமிழ் நாளிதழ்களில் நிறுத்தக் கோரிக்கைச் செய்திகளைத் தேடியெடுக்க இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்த மாணவர்கள் தேவை. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு தாலுகாக்களைச் சேர்ந்தவர்களாயின் மிக நன்று. காலை வண்டியில் ஏறுகிறவர்களாயின் இன்னும் நன்று. உட்பெட்டியில் எழுதுங்கள்.